தாடைக்குக் கீழே ஒரு கை

கடைவீதியில் வளையல் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. வரிசையாக டைப்ரைட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பெண். தட்டுகிற சத்தம் நின்றுபோயிருக்கிறது. நாங்கள் எல்லோரும் புறங்கையைத் தாடைக்குக் கீழே கொடுத்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம்.

எதிர்ச் சாரி வெற்றிலைக் கடைக்காரர் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு வளையல் கடையில் வந்து விசாரித்தாராம். யார் வீட்டிலாவது துக்கமா, இத்தனை பெண்பிள்ளைகள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்களே, கடைவீதிக்கு ஆகுமா என்று.

துக்கமெல்லாம் இல்லை. இங்கிலீஷ் வார்த்தைகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

"ரெஸ்பான்சிபிலிட்டி" என்றார் மாஸ்டர். எல்லோரும் முணுமுணுத்தோம். தாடை ஒரு தடவை இறங்கிக் கையில் இடித்தால் ஒரு துண்டு. எத்தனை இடியோ அத்தனை துண்டு. மாஸ்டர் அதை சிலபிள் என்பார். எங்களுக்குத் துண்டுதான்.

எனக்கு ஏழு வந்தது. பக்கத்தில் இருந்தவளுக்கும் ஏழு. மூலையில் இருந்தவளுக்கு எட்டு. மாஸ்டர் தடித்த டிக்‌ஷனரியை எடுத்துப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் தாடையை நம்பிச் சொல்கிற தைரியம் கிடையாது.

அவர் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஜன்னலோர மெஷினிலிருந்து, "ஆறு, மாஸ்டர்" என்றாள் மெகருன்னிசா.

மாஸ்டர் விரலை வைத்து எண்ணினார். "ஆறுதான்" என்றார்.

என் அடிவயிறு காந்தியது. சிரிக்காதீர்கள். சிலருக்கு அடுத்தவள் நகையைப் பார்த்தால் காந்தும், சிலருக்கு அடுத்தவள் புருஷனைப் பார்த்தால். எனக்கு அடுத்தவள் தாடையைப் பார்த்துக் காந்தியது.

மணி அடித்தால் முடிவெடு

டைப்ரைட்டரைக் கண்ணால் காணாத தலைமுறை வந்துவிட்டது. எதற்காக இந்தத் துண்டுக் கணக்கு என்று சொல்லிவிடுகிறேன்.

அடித்துக்கொண்டே போனால் வரி முடியப் போகிற இடத்தில் மெஷின் ஒரு மணி அடிக்கும். அதற்கப்புறம் சில எழுத்துகளுக்குத்தான் இடம். அந்த நேரம் பார்த்து ஒரு நீளமான வார்த்தை வந்துவிட்டால் அதை உடைத்து, சின்னக் கோடு போட்டு, மிச்சத்தை அடுத்த வரிக்குக் கொண்டுபோக வேண்டும். இஷ்டத்துக்கு உடைக்க முடியாது. துண்டும் துண்டும் சேர்கிற இடத்தில்தான் உடைக்க வேண்டும். தப்பான இடத்தில் உடைத்தால் பரீட்சையில் மார்க் போகும், ஆபீசில் மானம் போகும்.

எங்கள் ஊர் ஜங்ஷன். அதனால் மாஸ்டர் ரயிலை வைத்துத்தான் எல்லாவற்றையும் சொல்வார். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கழற்று, பெட்டியை ரெண்டாக அறுக்காதே. 'ஆக்ட்' ஒரு பெட்டி. பின்னால் ஒன்றைக் கோர்த்தால் 'ஆக்டிவ்'. இன்னும் இரண்டைக் கோர்த்தால் 'ஆக்டிவிட்டி'. முன்னால் ஒன்று மாட்டினால் 'இன்ஆக்டிவிட்டி'. இங்கிலீஷ்காரன் வார்த்தை செய்ததெல்லாம் இப்படி முன்னும் பின்னும் மாட்டித்தான் என்பார்.

அதிலும் ஒரு சூது உண்டு. பெட்டி சேர்ந்தால் அழுத்தம் இடம் மாறிவிடும். 'ரெஸ்பான்சிபிள்' என்னும்போது 'பான்' மேல் இருக்கிற கனம், வால் நீண்டதும் 'பி' மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். மருமகள் வந்ததும் சாவிக்கொத்து கை மாறுகிற மாதிரி. யாரும் சொல்லாமலே மெகருக்கு அது தெரிந்தது. எனக்கு எல்லாத் துண்டும் ஒரே கனம்தான்.

உபரி உகரம்

என் ஏழாவது துண்டு எங்கிருந்து வந்தது என்று பல நாள் யோசித்தேன். கண்டுபிடித்தபோது அழுகை வந்தது.

எங்கள் தெருவில் பாதிப் பேர் பீங்கான் கம்பெனிகளில் வேலை பார்த்தார்கள். கரண்ட் கம்பத்துக்கென்று செய்து உடைந்துபோன இன்சுலேட்டர் இல்லாத வீடு கிடையாது. கோழிக்குத் தண்ணீர் வைக்க, கதவு சாத்தாமல் இருக்க, பூச்செடிக்கு வரப்புக் கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். அப்பா சூளையில் சரக்கு அடுக்குகிறவர். ஒரு நாளைக்கு நூறு இங்கிலீஷ் வார்த்தை பேசுவார், அது இங்கிலீஷ் என்றே தெரியாமல். மோல்டு, ஷிப்டு, லோடு, இஞ்சிலேட்டரு. எல்லாவற்றின் கடைசியிலும் ஒரு 'உ'.

நானும் அந்த வாயில் பிறந்தவள்தானே. 'பஸ்' என்றால் தாடை ஒரு முறை இறங்க வேண்டும். 'பஸ்ஸு' என்றால் இரண்டு. 'ஸ்கூல்' ஒன்று, என்னுடைய 'இஸ்கூலு' மூன்று. 'எலெக்ட்ரிகல்' நாலே துண்டுதான். நான் சொன்ன 'எலக்குடிரிக்கலு'வில் ஏழு பேர் குடியிருந்தார்கள். தாடை பொய் சொல்லவில்லை. என் வாயில் இருந்ததைத்தான் அது எண்ணியது.

மெகருக்கு மட்டும் எப்படி வந்தது? வெட்கத்தை விட்டு ஒரு நாள் படியில் இறங்கும்போது கேட்டேன். அவள் துணிக்கடைக்காரர் மகள். வகுப்பிலேயே நல்ல தாவணி அவளுடையதுதான், சிரிப்பும் அவளுடையதுதான். கல்யாணம் வரைக்கும் பொழுது போகட்டும் என்று டைப்புக்கு அனுப்பியிருந்தார்கள்.

"சின்னதுல பள்ளிவாசல் அஜரத்துகிட்ட குர்ஆன் ஓதப் போவேன்ல. நிறுத்துற எடத்துல வாய நிறுத்தணும். 'உ'ன்னு இழுத்தா பிரம்புதான்" என்றாள். "வூட்டுல நானும் பஸ்ஸுன்னுதான் சொல்லுவேன் தனம். இங்க வந்தா அது தானா மாறிக்குது."

ஆக, அவளுக்கு இரண்டு வாய். எனக்கு இருந்த ஒன்றும் மூடத் தெரியாத வாய். என்னை யாரும் அந்த வயதில் பிரம்பால் அடித்து வாயை நிறுத்தக் கற்றுத் தரவில்லையே என்று பெற்றவர்கள் மேல் கோபம் வந்தது. மெகர் தெருவைக் கடக்கும்போது பள்ளிவாசலுக்குள் குழந்தைகள் ஓதுகிற குரல் கேட்கும். ஒவ்வொரு அடியும் கதவைச் சாத்தியது போல் நிற்கும். நான் நடையைக் குறைத்துக் கேட்பேன், வயிற்றெரிச்சலோடுதான்.

சாயங்காலம் தங்கள் வீட்டுக்கு வந்தால் தானே சொல்லித் தருவதாக மெகர் கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவளிடமே கற்றுக்கொண்டு அவளைத் தோற்கடிப்பது இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

பெண்ணாடத்து டிராக்டர்

தோற்கடித்தே ஆக வேண்டிய நிலையில் நான் இருந்தேன். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று. பெண்ணாடத்தில் மாமன் முறை, சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற சொந்த டிராக்டர். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வீட்டில் நான் என்னவாக இருப்பேன் என்று எனக்குத் தெரியும். விடிந்தால் மாடு, பொழுது சாய்ந்தால் உலை.

அப்போதுதான் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு இன்சுலேட்டர் கம்பெனிக்கு டைப்பிஸ்ட் தேவை என்று மாஸ்டர் சொன்னார். ஒரே ஒரு இடம். மெகரையும் என்னையும் அனுப்பப் போவதாகச் சொன்னார். அவளுக்கு எதற்கு இந்த வேலை என்று மனசுக்குள் கத்தினேன். பல்லிருக்கிறவன் பக்கோடா தின்கிறான் என்பார்கள். இங்கே பல் இருக்கிறவளுக்குப் பசியே இல்லை.

வேகத்தில் நான்தான் முதல். வார்த்தையை உடைப்பதில்தான் கோட்டை விட்டேன். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த வழிதான் குடும்பத்தையே கலக்கிவிட்டது.

வாய்க்கட்டு

தாடை வேண்டாத இடத்தில் இறங்குவதுதானே வியாதி? இறங்காமல் கட்டிவிட்டால் என்ன? ஒரு மத்தியானம் வீட்டில் யாருமில்லை. அப்பாவின் பழைய வேட்டியில் நீளமாகக் கிழித்து, தாடைக்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் இழுத்து முடிச்சுப் போட்டேன். உட்கார்ந்து சொல்லிப் பார்த்ததில் கட்டு நழுவியது. பாயை விரித்து மல்லாந்து படுத்தேன். வார்த்தைகள் மனசில் நிற்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கை இரண்டையும் மார்மேல் வைத்துக்கொண்டேன்.

நன்றாகத்தான் வந்தது. 'இன்சுலேட்டர்' என்று சொல்லி முடிக்கும்போது தாடை இன்னொரு தடவை இறங்க முட்டும், கட்டு இழுத்துப் பிடிக்கும், 'உ' வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே செத்துப் போகும்.

அந்த நேரத்தில் அம்மா குடத்தோடு உள்ளே வந்தாள்.

வெள்ளைத் துணியில் வாயைக் கட்டி, கண்ணை மூடி, மல்லாந்து கிடக்கிற பெண்ணை நம் ஊரில் ஒரு தாய் என்னவென்று நினைப்பாள்? குடம் விழுந்த சத்தத்தில் நான் எழுந்து உட்கார்ந்தேன். அதைப் பார்த்து அம்மா இன்னும் பெரிதாக அலறினாள். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, என்னைப் பார்த்த பிறகும் நம்பாமல், மூக்கில் விரல் வைத்து மூச்சுப் பார்த்தார்.

விஷயம் புரிந்ததும் அம்மா என் உச்சந்தலைத் துணி முடிச்சைப் பிடித்து இழுத்து அவிழ்த்தாள்.

"உசுரோட இருக்கிறவ வாய்க்கட்டு கட்டிக்குவாளாடி? அந்த இங்கிலீசு நமக்கு வாணாம்டி. வாணாம்."

அப்பா புருவம் வரை வெள்ளை மண்ணோடு ஷிப்டு முடிந்து வந்தார். தெருவே அவருக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தது. திட்டவில்லை. கை கால் கழுவிக்கொண்டு வந்து, தை பிறந்ததும் பெண்ணாடத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்றார்.

நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், பேட்டையில் இடம் இருக்கிறது என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். கடைசியில் இறங்கி வந்தார்.

"போயி எழுதிட்டு வாம்மா. வேல கெடச்சா பெண்ணாடத்துப் பேச்ச நான் எடுக்கல. கெடைக்கலன்னா நீ மூச்சு வுடக் கூடாது."

எலி கடித்த ஓரம்

இருவரும் சேர்ந்துதான் பேட்டைக்கு நடந்தோம். வழியெல்லாம் வெள்ளைத் தூசி. மெகர் கதை பேசிக்கொண்டே வந்தாள். எனக்குக் காதில் விழவில்லை. வாயை மூடி மூடிப் பழகிக்கொண்டு வந்தேன்.

மேனேஜர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒரு கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நாங்கள் அடித்தோம். லாரியில் போகிற சரக்கு வழியில் உடைந்தால் கம்பெனி பொறுப்பல்ல என்கிற விஷயம். மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்தது. ஒரு வார்த்தையைக்கூட உடைக்காமல், நீள வார்த்தை வந்தால் முழுசாக அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டேன். அவளுக்கு முன்னால் முடித்தும்விட்டேன்.

மேனேஜர் என் தாளைத் தூக்கிப் பிடித்தார். வலது ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தது. மெகரின் தாள் கத்தரித்து ஒட்டியது போல இரண்டு பக்கமும் நேராக நின்றது.

பிறகு வாசிக்கச் சொன்னார். கடைசி வரி வரை தப்பித்து வந்தேன். கடைசி வரியில் அந்தச் சனியன் பிடித்த வார்த்தை. வழியெல்லாம் பழகியது போன இடம் தெரியவில்லை. 'ரெஸு' என்று ஆரம்பித்ததுமே தாடை இறங்கியது எனக்குத் தெரிந்தது. என் ஏழு துண்டையும் கேட்டுக்கொண்டு மேனேஜர் தலையாட்டினார். அடுத்து மெகர் வாசித்தாள். கனம் 'பி' மேல் அழகாக ஏறி இறங்கியது. வாய் சாத்திக்கொண்டது.

திரும்பி வரும்போது சோடா வாங்கிக் கொடுத்தாள். "நான் சும்மாதான் வந்தேன் தனம். நல்லா பொழுது போச்சில்ல?" என்றாள். அந்தச் சோடா எரிந்துகொண்டே இறங்கியது.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. என் வீட்டில் பெண்ணாடத்துக்கு ஆள் போயிற்று. மாமன் வீட்டிலிருந்து வெல்லம் வந்தது. கொடுத்த வாக்குப்படி நான் மூச்சு விடவில்லை.

பியூன் வந்த நாள்

சில வாரம் கழித்து அந்தக் கம்பெனி பியூன் சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். டைப் அடிக்கிற பெண் இதுதானா என்று அம்மாவிடம் கேட்டார்.

"அந்தப் பொண்ணு வரலியாம். கல்யாணமாம், மாப்புள குவைத்துல இருக்காராம். இந்தப் பொண்ண வரச் சொன்னாங்க."

அம்மா அன்றைக்குச் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். அப்பா சொன்ன சொல் மாறவில்லை. பெண்ணாடத்துக்குத் தானே பஸ் ஏறிப் போய், மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். எனக்கு விடுதலை கிடைத்தது. உண்மையைச் சொன்னால் சந்தோஷப்பட்டேன். கூடவே வயிறும் எரிந்தது. அவள் இலையில் சாப்பிடாமல் மூடிவிட்டுப் போனதை எடுத்து எனக்குப் பரிமாறியிருந்தார்கள்.

கெடச்சதப் பாருடி என்று அம்மா சொல்வாள். மேனேஜர் அப்படி விடவில்லை. முதல் வருஷம் முழுக்க என் தாளின் ஓரத்தைப் பார்த்து, "அந்தப் பொண்ணு நேரா அடிச்சுது" என்பார். பெயர்கூட அவருக்கு நினைவில்லை, ஓரம் மட்டும் நினைவிருந்தது. ஒவ்வொரு மணிச் சத்தத்திலும் அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று, எங்கே உடைக்கப் போகிறேன் என்று பார்ப்பது போலிருக்கும். இரண்டு பெட்டிக்கு நடுவே கோடு போட்டுவிட்டு, 'பாத்தியா?' என்று மனசுக்குள் கேட்பேன். ஆயிரக்கணக்கான கடிதங்களை நான் மேனேஜருக்காக அடிக்கவில்லை. குவைத்தில் இருந்த ஒருத்தி பார்ப்பதற்காக அடித்தேன்.

அப்படியே வருஷங்கள் ஓடின. கல்யாணம் ஆயிற்று, எனக்குப் பிடித்த ஆளோடு, வேலையை விடாமல். என் ஓரமும் நேராகியது. எப்போது நேராகியது என்று கவனிக்கவில்லை.

வளையல் கடையில்

எழுபதுகள் முடியப் போகிற சமயம். அதே கடைவீதி, அதே வளையல் கடை. உள்ளே செண்ட் மணக்க ஒருத்தி, குழந்தையோடு நின்று வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

மெகர் என்னைக் கட்டிக்கொண்டாள். லீவில் வந்திருப்பதாகச் சொன்னாள். அக்கறையாக எல்லாம் விசாரித்தாள். அம்மா, அப்பா, எத்தனை குழந்தை. எங்கேயாவது வேலைக்குப் போகிறாயா என்றும் கேட்டாள்.

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். நிமிர்ந்து நின்று, கம்பெனி பெயரைச் சொல்லி, அங்கே டைப்பிஸ்ட் என்றேன்.

"அப்புடியா? நல்ல கம்பெனியா அது?"

எனக்குப் புரியவில்லை. பேட்டையில் நாம் ரெண்டு பேரும் பரீட்சை எழுதப் போனோமே, உனக்குத்தானே முதலில் கிடைத்தது என்று நினைவுபடுத்தினேன். அவள் கண்ணைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தாள்.

"போனமா? சோடா குடிச்சது என்னமோ ஞாபகம் இருக்குது. வேல கெடச்சுதா எனக்கு? அத்தா சொல்லவே இல்லியே தனம்."

மாடியைக் கையால் காட்டினேன். தாடைக்குக் கீழே கை வைத்து எண்ணுவோமே என்றேன். அவள் குழந்தையின் கைக்கு வளையல் அளவு பார்த்தபடியே சிரித்தாள். அங்கே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்போம், எல்லோருக்கும் தூக்கம் தூக்கமாக வரும் என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு அவ்வளவுதான் இருந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "போயிட்டு வரேன் தனம், வூட்டுக்கு வா" என்று இறங்கிப் போனாள்.

எனக்கு அப்போது வந்த பொறாமைக்கு முன்னால் பழையது ஒன்றுமே இல்லை. நான் வாயைக் கட்டிக்கொண்டு கேட்ட வரம், அவள் கைக்கு வந்ததும் தெரியாது, விட்டதும் தெரியாது. மறப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

வளையல் கடைக்காரர் வேறு கிராக்கியைப் பார்க்கப் போய்விட்டார். மாடியில் யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது, நடுவில் ஒரு மணி. நான் புறங்கையைத் தாடைக்குக் கீழே கொடுத்து, மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ரெஸ்பான்சிபிலிட்டி.

ஆறுதான் வந்தது. தெருவில் எட்டிப் பார்த்தேன். அவள் ரிக்‌ஷா திரும்பிவிட்டிருந்தது.